உங்க ஓட்டு எந்த ஊருங்க?

கொங்கு நாட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால், பெயருக்கு முன்பே வரும் கேள்வி "ஏனுங்க, எந்த ஊருங்க உங்களுக்கு?" என்பதுதான். பதில் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து வரும். "இருக்கிறது திருப்பூருங்க, ஊரு வெள்ளகோயில் பக்கமுங்க." குலதெய்வக் கோயில், பங்காளிகள், இரண்டு ஏக்கர் தோட்டம், பூட்டிக் கிடக்கிற பழைய வீடு எல்லாம் இருப்பது ஊர். பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கேஸ் கனெக்‌ஷனும் இருப்பது இருக்கிற இடம்.

ஓட்டு எங்கே? அதையும் ஊரிலேயே விட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம். என் பெரியப்பா ஒருவர் முப்பது வருடமாகத் திருப்பூரில் இருக்கிறார். ஓட்டு மட்டும் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில். மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டால், "நம்ம ஊர்ல நம்ம பேரு இல்லீனா அப்புறம் என்ன கண்ணு இருக்குது?" என்பார். ஓட்டு வீடு இருக்கிற இடத்தில்தான் ஓட்டும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

சட்டத்தின் கணக்கு வேறு. யாருக்கு ஓட்டு என்று கேட்டால் அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு சுருக்கமாகவே சொல்கிறது: இந்தியக் குடிமகன், 18 வயது நிறைந்தவர், சட்டப்படி தகுதி இழக்காதவர். இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல், எந்தப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது என்கிற இடத்தில் தொடங்குகிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், அந்தத் தொகுதியில் 'வழக்கமாகக் குடியிருப்பவர்' பெயரைத்தான் சேர்க்கச் சொல்கிறது. அதற்குப் பொருள் சொல்லும் 20ஆம் பிரிவின் முதல் வரியே பெரியப்பாவுக்காக எழுதியது மாதிரி இருக்கும். ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். பட்டா, வீட்டு வரி ரசீது, கோயில் வரி, எதுவும் போதாது. நீங்கள் படுத்து எழுகிற இடம் எது என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் இருந்தால் ஓட்டு வந்துவிடும், ஆறு மாதம் இல்லாவிட்டால் போய்விடும் என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்த ஆறு மாதக் கணக்கு இப்போதுள்ள 20ஆம் பிரிவில் கிடையாது.

இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்கிறவர்களுக்கும் அதே சட்டத்தில் வழி அடைபட்டிருக்கிறது. 17ஆம் பிரிவுப்படி ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாது. 18ஆம் பிரிவுப்படி ஒரே தொகுதியிலும் இரண்டு முறை கூடாது. பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை. இதெல்லாம் கெட்ட எண்ணத்தில் நடப்பது மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். கோபியிலிருந்து பொள்ளாச்சிக்குக் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் புதிதாகப் பெயர் சேர்த்திருப்பார்கள். பிறந்த வீட்டுப் பட்டியலில் பழைய பெயர் அப்படியே கிடக்கும். படிவம் 8 கொடுத்து மாற்றியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. படிவம் 6 புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் இரட்டைப் பதிவு ஆனவர்கள்தான் அதிகம்.

அதே 20ஆம் பிரிவில் நேர் எதிரான ஒரு சலுகையும் உண்டு. தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் ஒருவர் குடியிருப்பை இழந்துவிட மாட்டார். இதற்கு உதாரணம் தேடித் திருச்செங்கோட்டைத் தாண்டிப் போக வேண்டாம். ரிக் வண்டியில் ஏறி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போர்வெல் போடப் போகிறவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்களும் அப்படித்தான். வருடத்தில் பாதி நாள் வெளியில் கழிந்தாலும், குடும்பமும் திரும்பி வருகிற வீடும் இங்கேதான் என்றால் பெயரை நீக்க முடியாது. ஆனால் பெயர் இருப்பது வேறு, போய் ஓட்டுப் போடுவது வேறு. தேர்தலன்று ராய்ப்பூர் பக்கம் குழாய் இறக்கிக்கொண்டிருப்பவருக்கு தபால் ஓட்டு இல்லை. ராணுவத்தினருக்கு உண்டு, தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு உண்டு, 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே போட ஏற்பாடு உண்டு. பிழைப்புக்காக வெளியூரில் இருப்பவருக்குத்தான் எதுவுமில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2011 முதல் பதிவு செய்யும் உரிமை வந்தது. அவர்களும் நேரில் வந்து வரிசையில் நின்றாக வேண்டும்.

வேறு மாநிலத்தில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஓர் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள். அடுத்த மாதம் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பல கட்சிகள் எதிர்த்தன. அத்தோடு அது கிடப்பில் போனது.

திருப்பூருக்கு இது இரட்டைக் கேள்வி. இங்கே பனியன் கம்பெனிகளில் தென் மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். மதுரை, தேனிப் பக்கத்துக்காரர் தேர்தலுக்கு முந்தின நாள் இரவு பஸ் ஏறிவிடுவார். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு தேர்தலன்று சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது, தினக்கூலிக்கும் சேர்த்து. பீகாருக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் ஆகிற ஒருவருக்கு அந்த ஒரு நாள் லீவு எதற்கு உதவும்?

அப்படியானால் அவர் இங்கேயே ஓட்டு வைத்துக்கொள்ளலாமா? குடும்பத்தோடு திருப்பூரில் வாடகைக்கு இருந்து, இங்கேயே வேலை பார்த்து, சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை எடுத்துவிட்டார் என்றால், வைத்துக்கொள்ளலாம். மொழியோ பிறந்த மாநிலமோ சட்டத்தில் தகுதி இல்லை. இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் பெங்களூரிலும் மும்பையிலும் ஓட்டுப் போடுவது இதே பிரிவின் கீழ்தான். விடுதி அறையில் எட்டுப் பேராகத் தங்கி நாலு மாதத்தில் கிளம்புகிறவர் விஷயம் வேறு. அவர் வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு வகையையும் பிரித்தறிய வேண்டியவர் பெரும்பாலும் ஓர் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கும் பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். பதில் சொல்கிறவருக்குத் தமிழ் தெரியாது, கேட்கிறவருக்கு இந்தி தெரியாது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இந்தக் குடியிருப்புக் கேள்வி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம்தான். மீதியில் மிகப் பெரும்பகுதி, ஏறக்குறைய 66 லட்சம், இடம் மாறியவர்கள் அல்லது அந்த முகவரியில் காணப்படாதவர்கள். ஊரில் ஓட்டை விட்டுவிட்டு வேறிடத்தில் இருக்கும் பழக்கத்தின் அளவு என்ன என்பதற்கு தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய கணக்கு இதுவரை வந்ததில்லை.

அந்தத் திருத்தத்துக்காக வீடு வீடாகக் கொடுத்த படிவத்தில் இன்னொரு வேடிக்கை. உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ 2002 அல்லது 2005 பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார்கள். நடுவில் 2008இல் தொகுதிகள் மாறிவிட்டன. வெள்ளகோயில், பொங்கலூர், பேரூர், கபிலர்மலை என்றெல்லாம் சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன, இன்று இல்லை. திருப்பூர் ஒரே தொகுதியாக இருந்தது, வடக்கு தெற்கு என்று இரண்டானது. திருப்பூர் மாவட்டமே 2009இல்தான் வந்தது. "உங்கொப்பாரு எந்தத் தொகுதியில் இருந்தாருங்க?" என்று கேட்டால், அப்பா இருந்த கிராமம் தெரியும், கட்சிச் சின்னம் கூடத் தெரியும். தொகுதியின் பெயர் யாருக்குத் தெரியும்? பழைய பிடிஎஃப் கோப்புகளைச் செல்போனில் திறந்து, பாகம் எண், வரிசை எண் என்று கண்ணைச் சுருக்கித் தேடிய பேரப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பெயர் விட்டுப் போனால் உரிமையே போய்விட்டதா? இந்தக் கேள்விக்கு இந்தியா முழுவதும் வக்கீல்கள் எடுத்துப் புரட்டும் தீர்ப்பு நம் நாமக்கல்லில் பிறந்தது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. முதல் பொதுத் தேர்தல் நேரம். அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் என்.பி.பொன்னுசாமி என்பவர் சென்னை சட்டமன்றத்துக்கு மனுத் தாக்கல் செய்தார். 1951 நவம்பர் 28 அன்று பரிசீலனையில் தேர்தல் அதிகாரி அதைத் தள்ளுபடி செய்தார். பொன்னுசாமி உயர் நீதிமன்றம் போனார், பின்பு உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று ஆறு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் தலையிடாது, எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் கொண்டு வர வேண்டும் என்பது முதல் செய்தி. இரண்டாவது செய்திதான் இன்றுவரை நிற்கிறது. ஓட்டுப் போடும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் தனி மனிதருக்கு இயல்பாக உள்ள சிவில் உரிமைகள் அல்ல, சட்டம் உண்டாக்கியவை, சட்டம் போடும் வரம்புகளுக்கு உட்பட்டவை.

கேட்கக் கசப்பாக இருக்கும். பேச்சுரிமை மாதிரி ஓட்டுரிமை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் இல்லை. பிற்பாடு 2003இல், பட்டியலில் உள்ள ஒருவர் யாருக்குப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கருத்துரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த வழியில்தான் 2013இல் நோட்டா பொத்தான் வந்தது. ஆனாலும் ஓட்டின் பிறப்பிடம் சட்டம் என்ற நாமக்கல் வழக்கின் அடித்தளம் அசையவில்லை. என் பார்வையில் இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. 326ஆம் பிரிவு 'பதிவு செய்யப்பட உரிமையுடையவர்' என்றுதான் சொல்கிறது. தகுதி இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். அதனால் பெயரை நீக்குகிறவர் காரணம் காட்ட வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடம் தர வேண்டும். சட்டம் கொடுத்தது என்பதாலேயே அதை அதிகாரி தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் யாருக்குக் கொடுத்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது மாகாணத்தின் ஜனத்தொகை 4 கோடிக்கு மேல், ஓட்டு இருந்தவர்கள் ஏறக்குறைய 12.5 லட்சம். நிலவரியும் நகர வரியும் வருமான வரியும் கட்டியவர்கள்தான் அவர்கள். தோட்டத்துச் சாளையில் குடியிருந்து வருசக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தவருக்கும், பாவு போட்டுக் கூலிக்கு நெய்தவருக்கும் அதில் இடமில்லை. 1921இல் அந்தச் சபை பெண்கள் மீதிருந்த தடையை நீக்கியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் சொத்து இருக்க வேண்டும். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் ப.சுப்பராயன் 1926இல் முதல் மந்திரியானது இந்தச் சிறு கூட்டத்தின் ஓட்டில்தான். பண்ணையாளும் பண்ணையக்காரரும் ஒரே வரிசையில் நின்றது 1952இல். 21 என்றிருந்த வயது 1989 மார்ச் முதல் 18 ஆனது.

சொத்து வைத்து ஓட்டுக் கொடுக்கும் முறை முழுதாகச் செத்துவிட்டதா என்றால், இல்லை. பால் சொசைட்டித் தேர்தலில் சங்கத்துக்குத் தொடர்ந்து பால் ஊற்றும் உறுப்பினருக்குத்தான் ஓட்டு. மாட்டைப் பிடித்துக் கட்டுகிற கூலியாளுக்கு அதில் இடமில்லை.

குடியுரிமை என்ற முதல் தகுதிக்கு வருவோம். பவானிசாகர் முகாமில் நாற்பது வருடமாக இருக்கும் இலங்கைத் தமிழருக்கு ரேஷன் உண்டு, ஆதார் உண்டு. வழக்கமாகக் குடியிருப்பவர் என்பதில் அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது, எங்கும் போக விடவில்லையே. ஆனால் ஓட்டு இல்லை, குடிமகன் இல்லை என்பதால். அதிலும் ஒரு நூலிழை இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களுக்கு இந்த நாலு வருட இடைவெளியில் இங்கே பிறந்த பிள்ளைகள் அதற்குள் வருவார்கள். அப்படி 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய், 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து வந்து ஓட்டுப் போட்டார். அதே முகாமில் 1988இல் பிறந்த ஒருவரால் இந்த வழியில் முடியாது.

மேலே கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் கதை இதன் மறுமுனை. மலையகத் தமிழர்களின் குடியுரிமையை இலங்கை 1948இல் பறித்தது, 1949இல் ஓட்டையும் பறித்தது. அதற்கு முன் 1947 தேர்தலில் அவர்கள் கட்சி ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1964 ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்றது. அப்படி வந்தவர்களுக்காகத்தான் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் வளர்ந்தன. கடல் தாண்டி வந்து, தாத்தா இழந்த ஓட்டை நீலகிரியில் பேரன் போடுகிறான்.

கோவை மத்தியச் சிறைக்குள் போனால் விதி இன்னும் விசித்திரம். வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. 1951 சட்டத்தின் 62(5) பிரிவுப்படி சிறையிலோ காவல் துறைக் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தண்டனைக் கைதி மட்டுமல்ல, விசாரணைக் கைதிக்கும் இதே விதி. 1997இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. அவருக்குத் தபால் ஓட்டு உண்டு. ஆகக் குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர் ஓட்டுப் போடலாம். சின்னத் திருட்டு வழக்கில் ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் கிடப்பவர் போட முடியாது. அதே குற்றச்சாட்டில் ஜாமீன் வாங்கி வெளியே வந்தவர் தாராளமாகப் போடலாம். இன்னும் கேளுங்கள், உள்ளே இருப்பவர் வேட்பாளராக நிற்கலாம். 2013இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த வாசலைத் திறந்து வைத்தது. நிற்கலாம், தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ள முடியாது. இதற்கு நியாயம் சொல்லும் வாதங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஒப்பவில்லை.

நிற்கும் உரிமை என்றதும் மொடக்குறிச்சி நினைவுக்கு வராமல் போகாது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் விவசாயிகள். கோரிக்கைகளை யாரும் காதில் வாங்காததால், ஓட்டுச் சீட்டையே மனுவாக்கிவிட்டார்கள். சீட்டு புத்தகமாக அச்சானது, தேர்தல் ஒரு மாதம் தள்ளிப் போனது, கடைசியில் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். வேட்பாளர்கள் பலருக்கு ஒரு ஓட்டுக் கூட விழவில்லை. தன் ஓட்டையாவது போட்டிருக்கலாமே என்று சிரிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சட்டமன்றத்துக்கு நிற்க அந்த மாநிலத்தில் ஏதாவதொரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். நிற்கிற தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டியதில்லை. மேட்டூரில் டயர் கடை வைத்திருக்கும் கே.பத்மராஜன் 1988 முதல் 200க்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்க முடிந்ததும் இதனால்தான். மக்களவைக்கு நாட்டின் எந்த மூலையிலும் நிற்கலாம்.

அதே 1996இல் நல்கொண்டாவில் 480 பேர், பெல்காமில் 456 பேர் மக்களவைக்கு நின்றிருந்தார்கள். பதில் உடனே வந்தது. சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றானது. இன்று டெபாசிட் 10,000. சட்டம் உண்டாக்கிய உரிமையைச் சட்டத்தால் சுருக்கவும் முடியும் என்று நாமக்கல் சொன்னதை மொடக்குறிச்சி அனுபவித்தது.

கடைசியில் பூத்துக்குள். அட்டை இருக்கிறது, எனக்கு ஓட்டு உண்டு என்று சண்டை போடுகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கலாம். அட்டை அடையாளம் மட்டும்தான். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டை இருந்தும் பயனில்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என ஏதாவது ஒன்றைக் காட்டிப் போடலாம். வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று ஒரு ஏஜெண்ட் ஆட்சேபித்தால், இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். 1961 விதியில் போட்ட இரண்டு ரூபாய், இன்றும் இரண்டு ரூபாய்தான். தேர்தல் விதிகளில் விலைவாசி எட்டாத இடம் இது.

உங்கள் பெயரில் வேறு யாரோ கள்ள ஓட்டுப் போட்டுவிட்டார் என்றால் திரும்பிப் போக வேண்டியதில்லை. 49பி (49P) விதியைச் சொல்லி, நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்தால், இயந்திரத்தில் அல்ல, காகிதத்தில் ஓர் ஓட்டுச் சீட்டு தருவார்கள். ஒரு பூத்தில் இப்படிப்பட்ட ஓட்டு 14 சதவீதத்துக்கு மேல் வந்தால் மறு தேர்தல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். அந்தச் சீட்டைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். எண்ணும் நாளில் உறையைப் பிரிக்க மாட்டார்கள். பின்னால் யாராவது வழக்குப் போட்டு, வித்தியாசம் ஓரிரு ஓட்டாக இருந்து, நீதிமன்றம் கேட்டால்தான் அது வெளியே வரும்.